பெருந்தட்டானுக்கு ஒரு வடை

புறாவைச் சமாதானத்தின் சின்னம் என்று முதன்முதலில் சொன்ன ஆசாமி மட்டும் என் கையில் கிடைத்தால், எங்கள் ஐந்தாம் மாடி பால்கனியில் ஒரு வாரம் குடிவைப்பேன். கையில் ஒரு துடைப்பம் கொடுப்பேன். வேறெதுவும் கொடுக்க மாட்டேன்.

சரவணம்பட்டியில் எங்கள் அடுக்குமாடியில் மனிதர்கள் இருநூறு பேர், புறாக்கள் ரெண்டு லட்சம். கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் நேரில் வந்து எண்ணிக்கொள்ளலாம். வலை கட்டினோம், வலைக்குள்ளேயே கூடு கட்டின. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்தோம். அதன் தலைமேல் முட்டையிட்டன. பளபளவென்று கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டோம்; அதில் முகம் பார்த்துக்கொண்டு இன்னும் அழகாகின.

என் மனைவி அமிர்தவேணி இருமத் தொடங்கும்வரை இதெல்லாம் சிரிக்கிற சங்கதியாகத்தான் இருந்தது. எச்சம் காய்ந்து பறக்கிற தூசி அவள் நுரையீரலுக்குள் போய்ப் போய்த் தழும்பு விழுந்துவிட்டது. "விழுந்த தழும்பு மாறாது. இனி புறாத் தூசியே படாம இருந்தா இதோட நிக்கும். பட்டா ஏறிட்டே போகும்" என்றார் டாக்டர். வீடு மாறலாம் என்று தேடினோம். பார்க்கப்போன அத்தனை வீட்டிலும் எங்களுக்கு முந்தியே புறாக்கள் பால் காய்ச்சிக் குடிபோயிருந்தன.

ஆக, ஆக்சிஜன் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். குழாய் சமையலறை வாசல்வரைதான் எட்டும். தெருமுனையில் கீரைக்காரியிடம் பேரம் பேசினால் பஸ்ஸையே நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள், அப்படிப்பட்ட வேணி, வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவழிக்க ஆரம்பித்தாள். ஒரு சண்டைக்கு ரெண்டே வாக்கியம். பிறகு மூச்சு வாங்கும். நாற்பது வருஷமாக அவளிடம் தோற்றே பழகிய எனக்கு, ஜெயிப்பது எவ்வளவு கேவலமான சமாச்சாரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்டபாணி மூச்சிரைக்க ஓடிவந்தார். மனிதர் எதற்கும் ஓடித்தான் வருவார்.

"ஏனுங்ணா, புறாவுக்கு ஒரு வழி கெடைச்சிருச்சு! புறா வெரட்டற கம்பெனிப் புள்ளையே வந்திருக்குது. கேட்டீங்கன்னா மயக்கமே போட்டுருவீங்க!"

தர்ஷனா என்ற அந்தப் பெண் ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நிலக்கரிப் பாறையில் அச்சு விழுந்த ஒரு பிரம்மாண்டத் தட்டான்.

"இது மெகாநியூரா சார். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த பூச்சி. டைனோசர் எல்லாம் அப்புறம் வந்த சின்னப்பசங்க. ரெக்கையை விரிச்சா ரெண்டே கால் அடி."

"கல்லுல கெடக்கறதை எப்படிம்மா உயிரோட கொண்டாந்தீங்க?"

"கல்லுலேர்ந்து இல்ல சார். இப்ப இருக்கற தட்டானோட மரபணுவை எடுத்து, தாத்தன் எப்படி, முப்பாட்டன் எப்படின்னு கம்ப்யூட்டர்ல பின்னாடியே நடத்திக் கூட்டிட்டுப் போனோம். ஏறக்குறைய அது மாதிரி ஒண்ணு வந்துச்சு. அது புறாவைத் தின்னாது. கரப்பான், பல்லி, பூச்சிதான் சாப்பாடு. ஆனா புறாவுக்கு அதைப் பார்த்தாலே நடுக்கம். பயம்தான் சார் வேலை செய்யும்."

"அது எங்கயாச்சும் பறந்து போயிட்டா? ஊரெல்லாம் பெருகிட்டா?"

"போகாது. அந்தக் காலத்துக் காத்துல ஆக்சிஜன் ரொம்ப ஜாஸ்தி. இப்பத்த காத்துல அதால அரை மணி நேரம்தான் தாக்குப்பிடிக்க முடியும். மொட்டைமாடியில ஆக்சிஜன் கூண்டு வெச்சிருவோம். திரும்பி வந்தே ஆகணும். அதான் சார் அதுக்குக் கயிறு."

உள்ளறையிலிருந்து வேணி குரல் கொடுத்தாள். "எனக்குக் கட்டியிருக்கற அதே கயிறு."

தர்ஷனா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தட்டான் வந்தது. ரெண்டே கால் அடி என்றார்கள். நான் பார்த்தபோது எட்டடி இருந்தது. அது தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்திலிருந்து எழும்பிய சத்தத்தில் கீழே நிறுத்தியிருந்த கார்களெல்லாம் அலறின. முதல் சுற்றிலேயே புறாக்கள் முட்டையை, குஞ்சை, வலையை, ஆந்தையை அப்படியே போட்டுவிட்டு ஓடின. அன்னூர்வரை திரும்பிப் பார்க்காமல் போனதாகக் கேள்வி. ஒரு மாதத்தில் வேணியின் விரலில் மாட்டுகிற கருவி, ரத்தத்து ஆக்சிஜன் எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்று நாலுக்கு ஏறியதாகக் காட்டியது. ஒரே மூச்சில் மூன்று வாக்கியம் பேசி என்னை ஒரு சண்டையில் தோற்கடித்தாள். சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. பூச்சி தன் வேலையை முடித்துவிட்டு மாடிக்குப் போகாமல், எங்கள் ஜன்னல் வழியாக வேணியின் அறைக்கு வந்தது. அவள் மூக்குக் குழாயிலிருந்து கசிகிற ஆக்சிஜனை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. திரைச்சீலையில் காலை ஊன்றி, நாலு இறக்கையையும் விரித்து, வயிற்றை மெல்ல மெல்ல உப்பிச் சுருக்கி உட்கார்ந்துகொண்டது. நான் கட்டிலுக்கு அடியில் இருந்து இதைப் பார்த்தேன்.

"ஏனுங்க, வெளிய வாங்க. அதுக்கும் மூச்சுத்தான் வாங்குது" என்றாள் வேணி. மெஷினின் குமிழை ஒரு சுற்றுத் திருகி, தனிக் குழாய் ஒன்றைத் திரைச்சீலைப் பக்கம் நீட்டி வைத்தாள். "வா ராசு. இளைப்பாறிட்டுப் போ."

முப்பது கோடி வருஷத்து ராட்சசனுக்குப் பெயர் ராசு. எனக்குக்கூட அவள் செல்லப் பெயர் வைத்ததில்லை.

இப்படியே போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் புறாவுக்குப் பயம் காட்டுகிற பூச்சி காக்காய்க்கு மட்டும் வெற்றிலை பாக்கு வைக்குமா? காக்காய்களும் போய்விட்டன. அமாவாசை வரும்வரை அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. வந்தது, கவனித்தார்கள். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அன்றைக்கு ராத்திரி வந்த குறுஞ்செய்திகளை வரிசையாக ஒட்டினால் ஊட்டிவரை போய்வரலாம். "புறா போச்சு, சரி. காக்கா எங்கே?" "எங்க வீட்ல சாயந்தரம் வரைக்கும் பட்டினி." "ஒரு நுரையீரலுக்காக அத்தனை குடும்பத்து முன்னோரும் பட்டினி கிடக்கணுமா?" கடைசிச் செய்தியை வேணிக்குத் தெரியாமல் அழித்தேன். அவள் எனக்கு முன்பே படித்திருந்தாள்.

அடுத்த வாரமே தண்டபாணியின் அய்யனுக்கு, அதாவது அப்பாவுக்கு, தெவசம். மொட்டைமாடியில் தலைவாழை இலை. சாதம், பருப்பு, பாயசம், வடை எல்லாம் படைத்தாயிற்று. தண்டபாணி, அவர் அக்கா, மச்சினன், பேரன் பேத்தி, வேடிக்கை பார்க்க நாங்கள் என ஒரு கூட்டமே வெயிலில் நின்று "கா... கா..." என்று கத்தினோம். நான் கத்திய கத்தலில் பேரூர்க் காக்காய்களே திரும்பிப் பார்த்திருக்கும். வரத்தான் இல்லை. பசியில் குழந்தைகள் அழ, தண்டபாணியின் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யன் உசுரோட இருக்கையில ஒரு வேளை சோறு தாமசமானா வீட்டையே ரெண்டாக்கிப் போடுவாரு. இப்பப் பாரு, என்ன சாபம் குடுக்கறாரோ!"

தொட்டியின்மேல் உட்கார்ந்து தட்டான் எங்களையே பார்த்தது. அதன் கண் ஒவ்வொன்றும் கொய்யாக்காய் அளவு.

தண்டபாணிக்கு வந்ததே கோபம்! "எல்லாம் உன்னாலதாண்டா!" என்று இலையிலிருந்த வடையைத் தூக்கி அதன்மேல் வீசினார்.

வடை அதன்மேல் படவில்லை. படார் என்று ஒரு சத்தம். தட்டான் அந்தரத்தில் பாய்ந்து, ஆறு காலாலும் வடையைக் கவ்வி, கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து கறுக்கு முறுக்கென்று தின்ன ஆரம்பித்தது. காற்றில் பறக்கிற எதையும் அது பிடிக்கும். வடை பறந்தது, பிடித்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் மாடியில் அத்தனை பேரும் கத்துவதை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"தண்டபாணி... அய்யனும் இப்படித்தான்டா. தட்டுல வெக்கறதுக்குள்ள வடையைப் பிடுங்குவாரு."

"ஆமாக்கா" என்றார் தண்டபாணி. கண்ணெல்லாம் தண்ணீர். "மெல்லறதும் அதே மாதிரி இருக்குது பாரு."

"ஏப்பா, பூச்சியப்பா அது!" என்றேன்.

"காக்கா மட்டும் என்னங்ணா, பேங்க் மேனேஜரா? நேத்து வந்த காக்காயில முன்னோர் வருவாங்கன்னா, முப்பது கோடி வருஷத்து உருப்படியில வர மாட்டாங்களா? முன்னோருக்கெல்லாம் முன்னோருங்ணா இது!"

நான் இலையைப் பார்த்தேன். எனக்கும் பசி.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. அத்தனை வீட்டிலும் யாருக்காவது தெவசம், இல்லாவிட்டால் அமாவாசை, அதுவும் இல்லாவிட்டால் பையனுக்குப் பரீட்சை. மத்தியானமானால் மொட்டைமாடியிலிருந்து வடை மழை. உளுந்து வடை, பருப்பு வடை, கீரை வடை. ஒரு வீட்டில் மிளகு தட்டிய அனுமார் வடையே போட்டார்கள். தட்டான் ஒரு மாதத்தில் பருத்து, எழும்பும்போது பழைய ஸ்கூட்டர் மாதிரி உறுமியது. எழும்புவதும் குறைந்தது. வடையைத் தின்னும், ஜன்னல் வழியாக வந்து வேணியின் திரைச்சீலையில் சாயும், மறுநாள் வடைவரை அங்கேயே கிடக்கும்.

ஒரு புறா வந்து எட்டிப் பார்த்தது. மறுநாள் பத்து. அதற்கு மறுநாள், அன்னூரில் சொந்தம் கொண்டாடப் போனதெல்லாம் திரும்பிவிட்டது. ராசு வடை செரிக்காமல் உள்ளே கிடக்க, அதே ஜன்னலின் வெளிப்புறத்தில் புறாக்கள் குடும்பம் நடத்தின. வேணியின் விரல் கருவி தொண்ணூறுக்கு இறங்கியது. அப்புறம் எண்பத்தேழு. டாக்டர் புது ஸ்கேன் படத்தை விளக்கில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சுத்து இப்படித் தழும்பு ஏறுச்சுன்னா மெஷின் பத்தாதுங்க" என்றார்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். "தயவுசெஞ்சு வடை போடாதீங்க. அது பசியோட இருந்தாத்தான் என் பொண்டாட்டி மூச்சு விட முடியும்." எல்லோரும் நல்லவர்கள். உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். வேணியின் உடம்பை உருக்கமாக விசாரித்தார்கள். "ஆனா பித்ரு காரியமாச்சே சார், எப்படி நிறுத்தறது?" என்று கேட்டு, எனக்கும் ரெண்டு வடை கட்டிக்கொடுத்தார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுவரிலும் புறா எச்சம்.

கடைசியில் தர்ஷனாவை வரவழைத்தேன். அவள் திரைச்சீலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சார் போட்டீங்க இதுக்கு?"

"ஊரே சேர்ந்து வடை போட்டுச்சு."

"அய்யோ. பசியில்லேன்னா அது பறக்காதே சார்! ஆக்சிஜன் எங்க இருக்கோ அங்க ஒட்டிக்கும். இனி இது வேலைக்கு ஆகாது. புதுசு ஒண்ணு கொண்டு வந்துடறோம். இதுக்கு ஓய்வு குடுத்துரலாம்."

"ஓய்வுன்னா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆக்சிஜனை நிறுத்திருவோம் சார். வலிக்காது. தூங்கிரும்."

நான் பம்பு செட்டு கம்பெனியில் ஓய்வு பெற்றபோது சந்தன மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வேணி கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் காற்றைத் தேடி எடுத்துப் பேசினாள்.

"புதுசு வரட்டும் கண்ணு. எனக்கு மூச்சு வேணும்."

நான் அதிர்ந்துபோனேன். "வேணி, அப்ப ராசு?"

"ராசு எங்கயும் போகாது. நீங்க போயித் தண்டபாணியக் கூட்டிட்டு வாங்க."

தண்டபாணி ஓடிவந்தார். வேணி திரைச்சீலையைக் காட்டினாள்.

"தண்டபாணி, உங்கய்யன் என்னோட ரூம்லதான் இருக்கறாரு. பாத்தீங்களா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "பாக்கறனுங்க அக்கா."

"வயசாச்சு. வெயில்ல மொட்டைமாடிக்கு வர முடியறதில்ல. வடையை இங்க கொண்டாந்து குடுங்க. எல்லாரும் இங்கயே வரட்டும். நாளைக்கு மொட்டைமாடிக்கு வரப்போறது வேற. வேலைக்கு வர்ற ஆளு. அது யாருக்கும் சொந்தக்காரனில்ல. அதுக்கு ஒரு பருக்கை போடக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க அக்கா."

"ஆனா இந்தப் புள்ள உங்கய்யனுக்கு ஆக்சிஜனை நிறுத்தணும்னு சொல்லுது."

தண்டபாணி தர்ஷனாவின் பக்கம் திரும்பிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "எங்கய்யனுக்கா? ஏம்மா, உங்கய்யனுக்கு நீ நிறுத்துவியா? கூப்புடுங்கடா எல்லாரையும்!"

ஐந்து நிமிஷத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அடுக்குமாடியே நின்றது. ஒரு பாட்டி தர்ஷனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரரும் அதுலதான் சாமி வர்றாரு" என்று அழுதார். அவர் வீட்டுக்காரர் கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சொல்லவில்லை.

தர்ஷனா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சார், பழசைத் திரும்ப எடுக்காததுக்குக் காரணம் எழுதணும். 'முன்னோர் ஆகிவிட்டார்'னு எழுதினா என்னை வேலையை விட்டே தூக்கிருவாங்க."

"காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு எழுது கண்ணு" என்றாள் வேணி.

புதுத் தட்டான் வந்தது. பசியும் பட்டினியுமாக வானத்தைக் கீறிக்கொண்டு சுற்றியது. யாரும் அதற்குக் கைநீட்டவில்லை. சொந்தக்காரன் இல்லாதவனுக்கு எங்கள் ஊரில் யார் இலை போடுவார்கள்? புறாக்கள் இந்தத் தடவை அவினாசியைத் தாண்டியே நின்றனவாம். வேணியின் தொண்ணூற்று நாலு திரும்பி வந்தது. தழும்பு அதோடு நின்றது.

என் மத்தியானத் தூக்கம்தான் ஒழிந்தது. பதினொன்றரை ஆனால் வாசல்மணி. வடையோடு ஒரு குடும்பம், பின்னால் வரிசையில் இன்னொரு குடும்பம். வேணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள். "காலைக் கழுவீட்டு வாங்க. வடையை மெதுவா வீசுங்க. ஏம்மா, உம் மாமனாருக்குத்தானே உப்பு ஆகாது, எதுக்கு இத்தனை உப்பு?" வடை வீசிவிட்டு யாரும் உடனே கிளம்புவதில்லை. உட்கார்ந்து ஊர்க்கதை, மருமகள் கதை, நகைச்சீட்டுக் கதை. இந்த வடைக்கெல்லாம் முந்தி ரெண்டு வருஷமாக அந்த அறைக்கு டாக்டரையும் என்னையும் தவிர யாரும் வந்ததில்லை. இப்போது எனக்கு உட்கார நாற்காலி இல்லை.

ஆடி பிறந்ததும் ராசு வடையைப் பிடிக்க எழும்பவில்லை. தர்ஷனாவை ஃபோனில் கேட்டேன். "தட்டானுக்கு ஆயுசே ஒரு பருவம்தான் சார். வடை தின்னுட்டும் இத்தனை நாள் இருந்ததே அதிசயம்" என்றாள். ஒரு நாள் காலையில் அதன் வயிறு உப்பவும் இல்லை, சுருங்கவும் இல்லை. இறக்கையை விரித்தபடியே திரைச்சீலையில் இருந்தது. தர்ஷனா முதல் நாள் காட்டிய நிலக்கரிப் படம் எப்படி இருந்ததோ, அப்படி.

"எடுத்துரட்டுமா வேணி?"

அவள் நெடுநேரம் பேசவில்லை. மூச்சு இருந்தும் பேசவில்லை. பிறகு, "பதினொன்றரைக்கு ஆளுக வருவாங்க" என்றாள்.

அன்றிலிருந்து வந்தவர்களிடம் அவள் ஒரே பாட்டைப் பாடினாள். "பெரியவருக்குத் தள்ளாமை. பறந்து பிடிக்க முடியல. தட்டுல வெச்சுட்டுப் போங்க. யாரும் இல்லாதப்பச் சாப்பிட்டுக்குவாரு." வைத்தார்கள். சாயந்தரம் தட்டு காலியாக இருக்கும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அத்தனை குடும்பத்து முன்னோர் சார்பிலும் ஒருத்தனே வடை தின்பது எவ்வளவு பெரிய பாரம் என்று, தின்றவனுக்குத்தான் தெரியும்.

அவளுக்கு இப்போது நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் ஆக்சிஜனே போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெஷின் மூன்றில் ஓடுகிறது. மூன்றாவது லிட்டர், அந்தத் தனிக் குழாய் வழியாகத் திரைச்சீலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. குறைக்கலாமே என்று ஒரே ஒரு முறை குமிழில் கைவைத்தேன். "இருக்கட்டுமுங்க" என்றாள். கையை எடுத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் தண்டபாணி வந்தார். அதிசயமாக நடந்து வந்தார். முந்தின வீட்டு முன்னோரின் பருப்பு வடை என் வாயில் பாதி இருந்தது. அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அய்யன் எப்படிங்க அக்கா இருக்கறாரு?"

"நல்லாருக்கறாரு. இப்பத்தான் கண் அசந்தாரு."

தண்டபாணி திரைச்சீலைக்கு மிக அருகில் போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். இறக்கையில் படிந்திருந்த மெல்லிய தூசியை ஊதப்போனவர், ஊதாமல் வாயை மூடிக்கொண்டார்.

"ஏனுங்ணா, ஃபேனை ஒண்ணுல வெச்சுக்குங்க. ரெக்கை ஒடிஞ்சுரும்" என்றார்.

பிறகு தூக்குப்போசியைத் திறந்து தட்டில் ஒரு வடை வைத்தார். இன்னொன்றை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம் அக்கா, மூணாவது மாடிக் கதை கேட்டீங்களா?" என்றார்.